தகுதிக்கு வாக்கா, பெயருக்கு வாக்கா?

கோலார் தங்கச் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. அதன்பின், அங்கு உழைத்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குப் பெங்களூரே பிழைப்புக்குரிய இடமாயிற்று. மாரிக்குப்பத்திலிருந்து வரும் தொடர்வண்டியில் பங்காருபேட்டைச் சந்திப்பில் ஏறுவோரின் பேச்சில் கிரிக்கெட் இல்லாத நாள் அரிது. சிறந்த ஆட்டக்காரர் யார் என்னும் வழக்கு பெங்களூரு வரை நீளும். தீர்ப்பு மட்டும் கிடைக்காது. ஒருவர் ஓட்டக் கணக்கைக் காட்டுவார். மற்றவர் தம் மனம் விரும்பும் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்வார்.

இவ்வழக்கை இரசிகர்களின் வாக்குக்கே விட்டால் என்ன ஆகும்? பன்னாட்டுக் கிரிக்கெட் மன்றம் 2010ஆம் ஆண்டு 'மக்கள் தேர்வு விருது' ஒன்றை ஏற்படுத்தியது. வல்லுநர் குழு சிலரை முன்மொழிந்தது. அவர்களுள் ஒருவரை இரசிகர்கள் தேர்ந்தெடுத்தனர். அவ்வாண்டின் சிறந்த வீரரை வல்லுநர்கள் தனியாகவும் தேர்ந்தெடுத்தனர். ஆகவே, இரு தீர்ப்புகளையும் அருகருகே வைத்து நோக்க இயலும்.

2010இல் இரு தரப்பினரும் சச்சின் டெண்டுல்கரையே தேர்ந்தெடுத்தனர். ஒருநாள் ஆட்டத்தில் அவர் இருநூறு ஓட்டங்கள் எடுத்த ஆண்டு அது, வியப்பதற்கு ஒன்றுமில்லை. 2013இல் வல்லுநர்கள் மைக்கேல் கிளார்க்கைத் தேர்ந்தெடுக்க, இரசிகர்கள் தோனியைத் தேர்ந்தெடுத்தனர். 2014இல் வல்லுநர்களின் தேர்வு மிட்செல் ஜான்சன்; ஆஷஸ் தொடரில் 37 விக்கெட்டுகளை வீழ்த்தியவர். இரசிகர்களின் தேர்வோ புவனேஷ்வர் குமார். அவர் அவ்வாண்டு இங்கிலாந்தில் 19 விக்கெட்டுகள் வீழ்த்தி, 247 ஓட்டங்களும் எடுத்திருந்தார். அவர் தகுதியற்றவர் அல்லர். எனினும், ஜான்சனைவிடச் சிறந்தவர் என்று கணக்குக் கூறவில்லை. இந்திய இரசிகர்களின் எண்ணிக்கையே கூறியது.

இவ்வளவோடு நின்றிருந்தால், இரசிகர்களுக்குத் தகுதி தெரியாது என்று முடிவு கட்டிவிடலாம். ஆனால் 2011இலும் 2012இலும் இரசிகர்கள் தேர்ந்தெடுத்தவர் இலங்கையின் குமார் சங்கக்கார. 2011 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இந்தியாவிடம் தோற்ற அணியின் தலைவர் அவர். இரண்டு கோடி மக்களே வாழும் ஒரு தீவு நாட்டின் ஆட்டக்காரர், நூறு கோடிக்கு மேற்பட்ட மக்களைக் கொண்ட நாட்டின் இரசிகர்களும் வாக்களித்த தேர்தலில் இருமுறை வென்றார். 2012இல் வல்லுநர்களும் அவரையே அவ்வாண்டின் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுத்தனர். கூட்டம் எப்போதும் கண்மூடிக்கொண்டே வாக்களிக்கும் என்பது உண்மையன்று.

முன்தேர்வு இல்லாத இடத்தில் நிகழ்ந்ததை அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டம் காட்டுகிறது. ஆண்டுதோறும் நடைபெறும் நட்சத்திர ஆட்டத்தில் முதலில் களமிறங்குவோரை அங்கு இரசிகர்கள் தேர்ந்தெடுப்பர். 1957இல் சின்சினாட்டி நகரத்தார் வாக்குச்சீட்டுகளை அள்ளிக் குவித்தனர். நகரின் செய்தித்தாள் ஒன்று, பெயர்கள் முன்பே நிரப்பப்பட்ட சீட்டுகளை அச்சிட்டு அவர்களுக்கு வசதி செய்து கொடுத்தது! தேசியப் பிரிவின் எட்டு இடங்களில் ஏழு அந்த ஒரே நகர அணிக்குச் சென்றன. ஆட்டத்தின் ஆணையர் ஃபோர்டு ஃப்ரிக் அவர்களுள் இருவரை நீக்கி, வில்லி மேஸ், ஹாங்க் ஆரன் ஆகிய இருவரையும் சேர்த்தார். பேஸ்பால் வரலாற்றின் மிகச் சிறந்த வீரர்களுள் வைத்து எண்ணப்படும் அவ்விருவருக்கும் வாக்கினால் இடம் கிடைக்கவில்லை என்பதே வேடிக்கை. இரசிகர்களின் வாக்குரிமையும் பறிக்கப்பட்டது. 1970இல்தான் அது மீண்டது. சிலர் செய்த பிழைக்கு எல்லாரையும் ஒறுத்தது மிகை.

தமிழர் இதனினும் நல்ல வழியை முன்னரே கண்டிருந்தனர். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குகின்றன. தகுதியுடையோரின் பெயர்களே ஓலையில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர் பெயரை இட இயலாது. அத்தகுதிகளுள் நிலவுடைமையும் வேதக் கல்வியும் இடம்பெற்றிருந்தன. அவற்றை இன்று ஏற்க இயலாது. ஆயினும் முதலில் தகுதி, பின்னர்க் குடம் என்னும் வரிசை ஏற்கத்தக்கது. அங்குக் குலுக்கல், இங்கு வாக்கு. வரிசை ஒன்றே.

இவ்வரிசை பள்ளிக்கும் பொருந்தும். தந்தையின் பணி மாற்றத்தால் ஆண்டின் நடுவில் வந்து சேரும் மாணவிக்கு வகுப்பில் தோழியர் குறைவு. மொழியும் வேறாயின் இன்னும் குறைவு. ஓட்டப்பந்தய அணியின் தலைவியை வாக்கினால் தேர்ந்தெடுக்கும் நாளில், அவள் எவ்வளவு விரைவாக ஓடினாலும் அவள் பெயரைச் சொல்ல ஆளிருக்காது. வாக்கெடுப்புக்கு முன்னர் ஒவ்வொருவரும் ஓடிய நேரத்தைக் கரும்பலகையில் எழுதிவைக்கலாம். முதல் ஐவருள் ஒருவருக்கே வாக்களிக்கலாம் என்று விதிக்கலாம். அதன்பின்னும் அவள் தோற்கக்கூடும். ஆனால், நெடுநாள் தோழிக்கே வாக்களிக்க வந்தவளும் அந்த ஐந்து பெயர்களைப் படித்த பின்னரே சீட்டை மடிப்பாள்.