வளையலை அடகு வைக்கும் முன் மூடியைத் திறந்து பாருங்கள்



சென்ற மாதம் எங்கள் வரிசையில் குடியிருக்கும் அக்காள் ஒருவர், கைக்குட்டையில் எதையோ முடிந்துகொண்டு அவசரமாகப் புறப்பட்டார்.

"எங்கேக்கா இவ்வளவு வேகம்?" என்றேன்.

"பையனோட கம்ப்யூட்டர் செத்துப் போச்சு. எஸ்.பி.எம். எழுதுற வருஷம். போர்டு போயிடுச்சு, 1,200 வெள்ளிக்குப் புதுசு வாங்கிடுங்கன்னு கடையில சொல்லிட்டாங்க. அதான் இந்த வளையலை அடகு வைக்கப் போறேன்."

"எப்படிக்கா செத்தது?"

"போட்டா ஓடுது. பத்து நிமிஷத்துல பேய் மாதிரி இரைஞ்சு, தானா அணைஞ்சிடுது. கொஞ்ச நேரம் விட்டுப் போட்டா மறுபடியும் ஓடுது."

எண்ணிப் பாருங்கள். செத்தது எழுந்து ஓடுமா? அந்தக் கணினி சாகவில்லை. அதற்குக் காய்ச்சலாக இருக்கலாம் என்று என் மனம் சொல்லியது. "ஒரு நாள் பொறுங்கள் அக்கா" என்று தடுத்து நிறுத்தினேன்.

கணினியின் மூளை என்று சொல்கிறோமே, அந்தப் பிராசஸர் வேலை செய்யும்போது சூடாகும். சாதாரண மேசைக் கணினிகள் பலவற்றில் அது 65 வாட் அளவுக்கு மின்சாரம் தின்னும். பழைய 60 வாட் குண்டு பல்பைத் தொட்டுக் கை சுட்டுக்கொண்டவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். இங்கே அத்தனை சூடும் ஒரு தபால் தலை அளவு இடத்தில் கிளம்புகிறது. அதை இழுத்து வெளியேற்ற, மேலே அலுமினியத் தகடுகள் அடுக்கிய கட்டை ஒன்றும், அதன் மேல் ஒரு சிறு காற்றாடியும் உண்டு. கட்டைக்கும் பிராசஸருக்கும் நடுவே, கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகளை அடைக்க ஒரு பசை தடவியிருப்பார்கள். கடையில் அதைத் தெர்மல் பேஸ்ட் என்பார்கள்.

சில ஆண்டுகளில் இந்தப் பசை, கல்லில் காய்ந்த தோசை மாவு போல் வறண்டுவிடும். தகடுகளிலோ தூசி அடைத்துக்கொள்ளும். நம் வீடுகளில் தாளிக்கும் எண்ணெய்ப் புகையும் சாம்பிராணிப் புகையும் சேர்ந்து அந்தத் தூசியை ஒட்ட வைத்துவிடும். பிறகு சூடு எங்கே போகும்? ஏறக்குறைய 100 டிகிரியை நெருங்கும்போது பிராசஸர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போதும் சூடு தணியாவிட்டால், கருகிப் போகாமல் இருக்கத் தானே அணைந்துவிடும்.

முதலில் காய்ச்சல்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கணினியைப் போட்டவுடன் டெலீட் அல்லது எஃப்2 பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தால், பயாஸ் என்னும் திரை வரும். அதில் பிராசஸரின் சூடு எண்ணில் தெரியும். 40, 50 டிகிரியில் நின்றால் கவலையில்லை. ஒரு வேலையும் செய்யாமலே 80-ஐத் தாண்டி ஏறினால் நோய் அதுதான். சூடு ஏறாமலே அணைகிறதென்றால் கோளாறு வேறிடத்தில், தெரிந்தவரிடம் காட்டுங்கள். உத்தரவாதக் காலம் முடியாத கணினியையும் நீங்கள் திறக்க வேண்டாம்.

இனி வேலைக்கு வருவோம். கணினியை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். இளஞ்சூட்டில் பசை இளகும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சுவிட்சைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றுங்கள். உள்ளே கை வைக்கும் முன் பெட்டியின் இரும்பைத் தொடுங்கள். உடம்பில் தேங்கிய நிலைமின்சாரம் இறங்கிவிடும். எந்தக் கம்பி எங்கே இருந்தது என்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றாடி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, காய்ந்த தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். ஈரத்துணி ஆகாது. பல நேரங்களில் இதுவே போதும். மூடிப் போட்டுப் பாருங்கள்.

அப்போதும் சூடு குறையாவிட்டால்தான் பசையை மாற்ற வேண்டும். மறுபடியும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காற்றாடியின் கம்பியைக் கழற்றி, கட்டையைப் பிடித்திருக்கும் திருகுகளைக் குறுக்குக் குறுக்காகச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். கட்டையை வெடுக்கென்று மேலே இழுக்காதீர்கள். சில வகைகளில் பிராசஸரும் கூடவே பெயர்ந்து, அதன் கால்கள் வளைந்துவிடும். இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை மெல்லிய தாளில் தொட்டு, பழைய பசையை இரண்டு பக்கமும் துடைத்தெடுங்கள். நன்றாகக் காய்ந்ததும் புதுப்பசையைச் சிறு பட்டாணி அளவுக்கு நடுவில் வையுங்கள். அதிகம் வைத்தால் வழியுமே தவிர, அதிகம் குளிராது. கட்டையை நேராக வைத்து அழுத்தி, திருகுகளை மறுபடியும் குறுக்குக் குறுக்காக முடுக்குங்கள். காற்றாடிக் கம்பியைச் செருக மறந்துவிடாதீர்கள்! பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

ஓர் எச்சரிக்கை. மின்கம்பி வந்து சேரும் பவர் சப்ளை பெட்டியை எக்காரணம் கொண்டும் பிரிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளை அடிக்கும் மின்சாரம் அதற்குள் தங்கியிருக்கும். மடிக்கணினி வைத்திருப்பவர்களும் அதைப் பிரிப்பதை அனுபவசாலிகளிடம் விட்டுவிடுங்கள். மெத்தைமேல் வைத்து அதன் மூச்சை அடைக்காமல் இருந்தாலே பாதி நோய் தீரும்.

சரி, அக்காள் வீட்டுக் கதை என்னவாயிற்று? அந்தக் கணினி சாமி மேடைக்குக் கீழேயே இருந்தது. மூடியைத் திறந்தால் தலையணைப் பஞ்சு போல் தூசி; அதற்குள் பல்லி முட்டையின் ஓடு இரண்டு! பையன்தான் எல்லாவற்றையும் செய்தான். அம்மா டார்ச் பிடித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததோடு சரி. முன்பு 92 காட்டிய இடத்தில் பிறகு 48 காட்டியது. பசைக்கும் ஆல்கஹாலுக்கும் சேர்த்துச் செலவு 22 வெள்ளி. இப்போது கணினி சன்னலோரம், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. வளையலும் அக்காள் கையில் இருக்கிறது.

எல்லாக் கணினியும் இப்படிப் பிழைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால், போய்விட்டது என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் கழுத்தையும் கையையும் காலியாக்கும் முன், ஒரு தூரிகையும் அரை நாள் பொறுமையும் செலவழித்துப் பாருங்கள். அதில் நட்டம் ஒன்றுமில்லை. பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவனும் ஒரு வேலை கற்றுக்கொள்வான்.