பேர் கூப்பிட்டப்போ அக்கா எங்க இருந்தா?

போன வருஷம் என் சித்தி மகள் பட்டம் வாங்கப் போனாள். பக்கத்து மாவட்டத்தில் ஒரு கல்லூரி, பேர் வேண்டாம். படிப்பு முடிந்து ஒன்றரை வருஷம் கழித்துத்தான் அங்கே பட்டமளிப்பு விழா வைத்தார்கள். அதற்குள் அக்காவுக்குக் கல்யாணம் ஆகி, கையில் ஐந்து மாதக் குழந்தை. துணைக்கு சித்தியும் நானும். குழந்தையைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

காலை 8.30 மணிக்கே அங்கியை மாட்டிக்கொண்டு பட்டதாரிகள் எல்லாரும் உள்ளே உட்கார்ந்தாக வேண்டும் என்று சர்க்குலர். சீஃப் கெஸ்ட் வந்தது 11 மணிக்கு. அதுவரை எப்படியோ சமாளித்த பையன், வரவேற்புரையில் ஆரம்பித்தான் பாருங்க, ஆடிட்டோரியமே திரும்பிப் பார்த்தது. அக்கா எழுந்து பின்னால் வந்தாள். பெற்றோர் வரிசையில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு பால் கொடுக்க ஆரம்பித்தாள். ரெண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. கழுத்தில் பேட்ஜ் போட்ட ஒரு வாலன்டியர் பெண் குனிந்து, "மேடம், இங்க வேணாம் மேடம். லைவ் போயிட்டிருக்கு" என்றாள்.

"அப்ப எங்க போறது?"

அந்தப் பெண் ரெஸ்ட்ரூம் பக்கம் கை காட்டினாள்.

டாய்லெட் மூடியை இறக்கிவிட்டு, அதன்மேல் உட்கார்ந்துதான் அக்கா பால் கொடுத்தாள். நான் அவள் பையையும் கழற்றிக் கொடுத்த அங்கியையும் பிடித்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றேன். லேடீஸ் ரெஸ்ட்ரூம், உள்ளே போகவும் முடியாது. மைக் சத்தம் மட்டும் நன்றாகக் கேட்டது. அவள் டிபார்ட்மென்ட் பேர் வாசித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவள் பேரும் வந்தது. "அக்கா, உன் பேரு!" என்று கத்தினேன். உள்ளேயிருந்து பதில் வந்தது: "இப்பதான்டா குடிக்க ஆரம்பிச்சான்."

பட்டத்தை அன்றைக்குச் சாயங்காலம் ஆபீஸ் கவுன்டரில், ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு வாங்கினாள்.

இதை நான் ஹாஸ்டலில் சொன்னபோது ரூம்மேட் கேட்டான்: "தாய்ப்பால் நல்லதுதான் மச்சான், யாரு இல்லன்னா? ஆனா பட்டமளிப்பு விழா, கோர்ட்டு, சட்டசபை, இதுக்கெல்லாம் ஒரு மரியாதை இருக்குல்ல?" அவன் கெட்டவன் இல்லை. நானும் நம்ம டிபார்ட்மென்ட் சிம்போசியத்தில் பேட்ஜ் போட்டு ஓடினவன்தான். அந்த வாலன்டியர் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். "டிஸ்டர்பன்ஸ் இல்லாம பாத்துக்கோங்க" என்பதைத் தவிர வாலன்டியருக்கு யாரும் எதுவும் சொல்லித் தருவதில்லை. அதனால் எனக்குக் கோபம் அந்தப் பெண் மேல் இல்லை. 'மரியாதை' என்ற அந்த வார்த்தை மேல்தான் கொஞ்சம் சந்தேகம்.

நம்ம ஊரையே எடுத்துக்குவோம். அண்ணாமலையார் கோயிலில் அம்மன் பேர் என்ன? உண்ணாமுலையம்மன். வடமொழியில் அபீதகுஜாம்பாள். பிள்ளை உண்ணாத முலையுடையவள் என்று அர்த்தம். இந்தப் பேரைச் சொல்லித்தான் அர்ச்சனை நடக்கிறது. இந்தப் பேர்தான் மருவி 'உண்ணாமலை' என்று நம்ம பாட்டிமார் ரேஷன் கார்டில் இருக்கிறது. அதே சொல்லைக் கோயிலுக்கு வெளியே வந்து சொன்னால் கிளாஸில் பாதிப் பேர் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார்கள். சொல்லே கூச்சமாகிவிட்ட பிறகு செயல் மட்டும் எப்படி இயல்பாக இருக்கும்? சீர்காழியில் அழுத மூணு வயசுச் சம்பந்தருக்கு உமையம்மை பால் தந்தது நாலு பேர் வந்து போகும் குளக்கரையில்தான். திருவிளையாடற் புராணத்தில் தாயை இழந்த 12 பன்றிக்குட்டிகளுக்காகச் சிவபெருமானே தாய்ப்பன்றியாகி முலை கொடுக்கிறார். மரியாதை குறைந்துவிட்டது என்று யாரும் அவரை ஓரமாகப் போகச் சொன்னதாகப் புராணத்தில் இல்லை.

புராணம் வேண்டாம், பௌர்ணமிக்கு வாங்க. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் ராத்திரி முழுக்கக் கூட்டம். நிருதி லிங்கம் தாண்டி நடந்தால் ரோட்டோரத் திண்ணையில் பத்துத் தாய்மார்களாவது குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆயிரக்கணக்கான பேர் தாண்டிப் போகிறோம். ஒருத்தரும் நின்று பார்ப்பதில்லை, முகம் சுளிப்பதும் இல்லை. என் பாட்டி கலசபாக்கம் பக்கத்தில் நாற்று நட்டவள். வேப்பமரத்தில் தூளி கட்டி, பிள்ளை அழுதால் வரப்பில் உட்கார்ந்து கொடுத்துவிட்டு மறுபடி சேற்றில் இறங்குவாளாம். "முந்தானைய இழுத்து வுட்டுக்கிட்டா யாருக்கு இன்னா தெரியப்போவுது?" என்பாள்.

ஆக, நாலு பேர் இருக்கும் இடம் என்பது நமக்குப் பிரச்சினையே இல்லை. வரிசையாக நாற்காலி போட்டு, மேடை கட்டி, சிவப்புக் கார்ப்பெட் விரித்து, ஏசி போட்டதும் அதே பால் அநாகரிகமாகிவிடுகிறது. வரப்பில் உட்கார்ந்த பெண்ணிடம் யாரும் மரியாதை எதிர்பார்க்கவில்லை. மேடைக்கு வருகிற பெண்ணிடம்தான் எதிர்பார்க்கிறோம். இந்த மாதிரி இடங்களைக் கட்டியவர்களும் நேரம் வகுத்தவர்களும் ஆண்கள். உள்ளே வருகிறவருக்குக் கைக்குழந்தை இருக்கலாம் என்று யாரும் நினைத்துப் பார்க்கவே இல்லை. அந்த அங்கியையே பாருங்களேன், குளிர் தேசத்துக்காகத் தைத்தது. 2010ல் மத்திய அமைச்சராக இருந்த ஜெய்ராம் ரமேஷ் போபாலில் ஒரு பட்டமளிப்பு மேடையிலேயே அதைக் கழற்றிவிட்டார். பாட்டியின் முந்தானையில் இருந்த வசதி அதில் கிடையாது.

இது நம்ம ஊர் சிக்கல் மட்டும் இல்லை. ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலச் சட்டமன்றத்தில் 2003ல் கிர்ஸ்டி மார்ஷல் என்ற உறுப்பினர் பிறந்து 11 நாளான குழந்தைக்குப் பால் கொடுத்தார். வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். காரணம்தான் அழகு: உறுப்பினர் அல்லாத 'அந்நியர்' யாரும் அவைக்குள் இருக்கக் கூடாது என்று விதி. 11 நாள் குழந்தை அந்நியர்! அதே நாட்டில் 14 வருஷம் கழித்து, 2017ல், லாரிஸா வாட்டர்ஸ் மத்திய நாடாளுமன்றத்தின் மேலவையில் குழந்தைக்குப் பால் கொடுத்தார். கொஞ்ச நாளில் பால் கொடுத்தபடியே எழுந்து ஒரு தீர்மானத்தையும் முன்மொழிந்தார். அவை இடிந்து விழவில்லை.

இந்தியாவில் நடந்தது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. 2022 டிசம்பரில் மகாராஷ்டிர எம்எல்ஏ சரோஜ் அஹிரே இரண்டரை மாதக் குழந்தையோடு நாக்பூர் கூட்டத்தொடருக்கு வந்தார். பத்திரிகை எல்லாம் படம் போட்டது, ஒரு அறையும் ஒதுக்கினார்கள். அந்த மாநிலத்தில் பாலூட்டும் அறைக்கு 'ஹிர்கணி கக்ஷ்' என்று பேர். ராய்கட் கோட்டைக்குப் பால் விற்க வந்த ஹிர்கணி, பொழுது சாய்ந்து கதவு சாத்தியதும், வீட்டில் பசியோடு கிடக்கும் குழந்தைக்காகச் செங்குத்தான பாறையில் இறங்கிப் போனாள் என்பது கதை. சரி, அடுத்த ஆண்டு மும்பைக் கூட்டத்தொடருக்கு அதே எம்எல்ஏ வந்தபோது என்ன ஆச்சு? அவருக்குக் கொடுத்த அறையில் ஒரே தூசி, குழந்தையைப் படுக்க வைக்கவே முடியாது என்று அவரே வெளியே வந்து சொன்னார். எம்எல்ஏவுக்கே இந்த கதி.

நம்ம மாநிலம் அறை விஷயத்தில் முன்னால் போன மாநிலம். 2015 ஆகஸ்டில், அப்போது முதல்வராக இருந்த ஜெயலலிதா, பேருந்து நிலையங்களில் தாய்மார் பாலூட்டும் அறைகளைத் தொடங்கி வைத்தார். நல்ல காரியம், இன்றைக்கும் எத்தனையோ பேருக்கு உதவுகிறது. ஆனால் நான் ஊருக்குப் போகும் வழியில் ஒரு பஸ் ஸ்டாண்டில் அந்த அறைக்குப் பூட்டு தொங்குவதையும், ஜன்னல் வழியாகப் பார்த்தால் உள்ளே துடைப்பமும் உடைந்த நாற்காலியும் கிடப்பதையும் பார்த்திருக்கிறேன்.

அறை வேணுமா வேணாமா என்றால், கட்டாயம் வேணும். பல பெண்களுக்கே நாலு பேர் முன்னால் கொடுப்பது பிடிக்காது. யார் கையிலும் கேமரா இருக்கிற காலம் இது, அந்தப் பயம் நியாயமானது. அப்படி நினைக்கிற தாய்க்குச் சுத்தமான அறை இருக்கணும். என் சண்டை வேறு. அறை இருக்கிறது என்பதாலேயே, "அங்க போங்க" என்று அவளை எழுப்பிவிடும் உரிமை நமக்கு வந்துவிடக் கூடாது. போவதா, இருந்த இடத்திலேயே துப்பட்டாவை இழுத்துக்கொள்வதா என்று அவள்தான் சொல்லணும். அக்காவுக்கு அன்றைக்கு அறையும் இல்லை, நாற்காலியும் இல்லை.

உச்ச நீதிமன்றமும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்லியிருக்கிறது. 2025 பிப்ரவரி 19 அன்று நீதிபதிகள் பி.வி.நாகரத்னா, பிரசன்னா பி.வராலே அமர்வு, 'மாத்ரு ஸ்பர்ஷ்' வழக்கில், பொது இடத்திலும் வேலையிடத்திலும் தாய்ப்பால் கொடுப்பதை இழிவாகப் பார்க்கக் கூடாது என்றது. பெண்களின் கண்ணியத்தைக் குறைக்கும் வழக்கங்களைக் கைவிடுவது குடிமக்களின் கடமை என்று அரசியல் சட்டம் 51ஏ பிரிவில் இருப்பதை நினைவூட்டியது. இப்போது இருக்கும் பொதுக் கட்டடங்களில் முடிந்தவரை அறை ஒதுக்கணும், புதுசாகக் கட்டுவதில் திட்டமிடும்போதே இடம் விடணும் என்றது.

"பாட்டில்ல பால் எடுத்து வச்சிருக்கலாமே?" இதுவும் ரூம்மேட் கேட்டதுதான். எனக்கும் முன்பு தெரியாது, அக்காதான் சொன்னாள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர்கூட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சின்னக் குழந்தை ஒரு நாளைக்கு எட்டுப் பத்து முறை குடிக்கும். எடுத்து வைத்த பால் வெளியில் நாலு மணி நேரம் தாங்கினால் பெரிசு, நம்ம வெயிலில் அதுவும் சந்தேகம். சில குழந்தைகள் பாட்டிலைத் தொடவே தொடாது. கொடுக்காமல் விட்டால் தாய்க்குப் பால் கட்டிக்கொண்டு வலிக்கும், காய்ச்சல்கூட வரும். 'அழுத பிள்ளை பால் குடிக்கும்' என்று ஆபீஸ் ஆபீஸாகப் பழமொழி சொல்கிறோம். நிஜமாகவே ஒரு பிள்ளை அழுதால் டாய்லெட்டைக் காட்டுகிறோம்.

வேலைக்குப் போகிற தாய்க்காவது சட்டம் கொஞ்சம் துணை நிற்கிறது. 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை வேலை நேரத்தில் இரண்டு பாலூட்டும் இடைவேளை தந்தது. 2017 திருத்தத்தில் 50 பேர் வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் கட்டாயமானது. ஆனால் பட்டம் வாங்க வருகிறவள் அந்த இடத்தின் ஊழியர் இல்லை. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனுவோடு நிற்கிறவளும் இல்லை. உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீதம் என்று 2016ல் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. இருபத்தஞ்சு முப்பது வயசில் ஒருத்தி ஊராட்சித் தலைவராகக் கிராம சபையில் உட்காரும்போது மடியில் குழந்தை இருந்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இதெல்லாம் மனசில் ஓடிக்கொண்டிருந்ததால்தானோ என்னவோ, இந்த செமஸ்டர் பில்டிங் டிராயிங்கில் 500 பேர் உட்காரும் ஆடிட்டோரியம் கொடுத்தபோது கை வேறு மாதிரி போனது. கிளாஸில் எல்லார் ஷீட்டிலும் விஐபி லவுஞ்ச் இருக்கிறது, கிரீன் ரூம் இருக்கிறது, ப்ரொஜெக்டர் ரூம்கூட இருக்கிறது. நான் மேடைக்குப் பக்கத்தில், அரங்கத்துக்குள்ளேயே கதவு வைத்து, 3 மீட்டருக்கு 2.4 மீட்டரில் ஒரு அறை போட்டேன். உள்ளே ரெண்டு சாய்வு நாற்காலி, ஒரு வாஷ்பேசின், மேடையில் நடப்பது தெரிய ஒரு டிவி, பேர் வாசிப்பது கேட்க ஒரு ஸ்பீக்கர். அதோடு கடைசி வரிசையில் கதவோரமாக நாலு நாற்காலியைக் கொஞ்சம் அகலமாகப் போட்டேன், அறைக்குப் போக விரும்பாதவர்களுக்கு.

அக்காவுக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பினேன். "மேடைக்கு எத்தன அடிடா?" என்று கேட்டாள். ஸ்கேல் வைத்து அளந்து, "இருபத்திரெண்டு" என்றேன். பேர் கூப்பிட்ட பிறகு எழுந்தாலும் போய்ச் சேர்ந்துவிடலாம்.

சார் ஷீட்டை ரொம்ப நேரம் பார்த்தார். "இது என்ன ரூம்?" என்றார். சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். பேனாவால் அந்த அறையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு, "வென்டிலேஷன் எங்கப்பா?" என்றார். அதைத்தான் அடுத்த வியாழக்கிழமைக்குள் திருத்திக் காட்டணும்.