பியூன் வேலைக்கும் ஆங்கிலப் பரீட்சை!

பைல்களை ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு எடுத்துச் செல்வது, ஆபீஸ் அறைகளைத் திறந்து பூட்டுவது, கூட்டிப் பெருக்கிச் சுத்தமாக வைப்பது, நகல் எடுத்துக் கொடுப்பது – மத்திய சர்க்கார் ஆபீஸ்களில் ‘மல்ட்டி டாஸ்கிங் ஸ்டாஃப்’ என்ற நீண்ட பெயரில் அழைக்கப்படும் ஊழியரின் வேலை இதுதான். பழைய நாளில் பியூன் என்று சொன்னோம். பத்தாம் வகுப்புத் தேறியவர்கள் இதற்கு மனுப் போடலாம். ஆலைத் தொழிலாளியின் மகனும், சேற்றில் இறங்கி நாற்று நடும் தாயின் மகளும் எட்டிப் பிடிக்கக் கூடிய நிரந்தர உத்தியோகங்கள் நாட்டில் எத்தனை மிச்சம் இருக்கின்றன? விரல் விட்டு எண்ணி விடலாம். அவற்றில் இது ஒன்று.

இந்த உத்தியோகத்துக்கு ஆள் எடுப்பது ஸ்டாஃப் செலக்‌ஷன் கமிஷன். ஹிந்தியும் ஆங்கிலமும் தவிர, தமிழ் உள்பட 13 மொழிகளிலும் இந்தப் பரீட்சை நடக்கும் என்று 2023 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. நல்ல காரியம், நெடுநாள் கோரிக்கை. யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

ஆனால் அறிவிப்பின் தலைப்போடு நின்று விடாமல், பரீட்சைத் திட்டத்தை வரி வரியாகப் படிக்க வேண்டும், தோழர்களே! பரீட்சை இரண்டு பகுதிகளாக நடக்கிறது. முதல் பகுதியில் கணக்கும் அறிவுத் திறனும். மொத்தம் 120 மார்க். இதைத் தமிழில் எழுதலாம். இரண்டாம் பகுதியில் பொது அறிவுக்கு 75 மார்க், ஆங்கிலத்துக்கு 75 மார்க். இனிமேல்தான் சூட்சுமம் இருக்கிறது. முதல் பகுதியில் தேறினால் போதும். அதில் வாங்கும் மார்க் ராங்க் பட்டியலில் சேராது. ராங்க் போடுவது இரண்டாம் பகுதியின் 150 மார்க்கை வைத்து மட்டுமே. அதில் சரிபாதி ஆங்கிலம்!

தமிழில் கணக்குப் போட்டு நூற்றுக்கு நூறு வாங்கினாலும் அது வாசற்படி வரைக்கும்தான் கொண்டு விடும். வீட்டுக்குள் விடுவதா வேண்டாமா என்று தீர்மானிப்பதில் பாதி அதிகாரம் ஆங்கிலத்தின் கையில்.

இதைக் கலெக்டர் உத்தியோகத்துக்கான பரீட்சையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே ஆங்கிலத்துக்கு 300 மார்க்கில் ஒரு தாள் இருக்கிறது. அதில் 25 சதவீதம் வாங்கித் தேறினால் போதும், ராங்க்குக்கு அந்த மார்க் கணக்கில் வராது. 2013 மார்ச்சில் அதை மாற்றி, ஆங்கில வாசிப்புக்கும் சுருக்கி எழுதுவதற்குமாக 100 மார்க்கை ராங்க்கில் சேர்க்கப் பார்த்தார்கள். பார்லிமெண்டில் பலத்த எதிர்ப்பு கிளம்பியது. அந்த மாதமே வாபஸ். 2011 முதல் முதல்நிலைப் பரீட்சையில் ஆங்கிலப் பத்தியைக் கொடுத்துக் கேள்வி கேட்டு வந்தார்கள். 2014இல் டெல்லி வீதிகளில் மாணவர்கள் திரண்டார்கள். அந்த ஆகஸ்டிலேயே அந்த மார்க்கை ராங்க்கில் சேர்க்க மாட்டோம் என்று சர்க்கார் இறங்கி வந்தது. (அந்த முதல்நிலைப் பரீட்சையின் கேள்வித்தாள் ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே வருகிறது, தமிழில் இல்லை. அது தனியாகப் பேச வேண்டிய அநியாயம்.)

ஜில்லாவை ஆளப் போகிறவனுக்கு ஆங்கிலத்தில் தேறினால் போதும். ஆபீஸ் அறையைப் பூட்டப் போகிறவனுக்கு ஆங்கிலத்தில் முந்தினால்தான் வேலை! இது என்ன நியாயம்? சர்க்கார் உத்தியோகத்தில் ஆங்கிலம் படித்தவர்களுக்கே முதலிடம் என்று 1844இல் ஹார்டிஞ்ச் பிரபு உத்தரவு போட்டார். வெள்ளைக்காரன் போய்ப் பல பத்தாண்டுகள் ஆன பின்னும் அந்த உத்தரவின் வாடை போகவில்லை.

கோரிக்கை எளியது. பியூன் பரீட்சையிலும் ஆங்கிலத்தைத் தேறினால் போதும் என்ற தாளாக ஆக்கு. ராங்க்கைப் பொது அறிவிலும் கணக்கிலும் போடு!

கோரிக்கை ஜெயிக்கும் வரை நம் பிள்ளைகள் என்ன செய்வது? மனுப் போடாமல் இருந்து விடுவதா? கூடவே கூடாது. அந்த 75 மார்க்கையும் கைப்பற்றத் தயாராக வேண்டும். ‘எளிய பத்தி ஒன்று கொடுத்துக் கேள்வி கேட்கப்படலாம்’ என்று பாடத்திட்டமே சொல்கிறது. இந்தப் பத்தியைக் கண்டுதான் தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைகள் மிரளுகிறார்கள். பத்து வருஷம் ஆங்கிலம் படித்திருந்தும், பாடப் புத்தகத்தில் இருந்ததை நெட்டுருப் போட்டுத் தேறி வந்தவர்கள். இதுவோ முன்பின் கண்டிராத பத்தி. நெட்டுரு இங்கே செல்லாது.

ஆனால் இதில் ஒரு நன்மையும் உண்டு. விடை பத்திக்குள்ளேயே கிடக்கிறது! ‘ஆற்றில் வெள்ளம் வந்ததால் சந்தை வியாழக்கிழமைக்குத் தள்ளி வைக்கப்பட்டது’ என்று பத்தியில் இருக்கும். சந்தை ஏன் தள்ளிப் போயிற்று என்று கேட்பான். நான்கு விடைகளில் ஒன்று, ‘வியாபாரிகள் வரவில்லை’ என்பது. உலகத்தில் அப்படி நடப்பதுண்டு, நாமே பார்த்திருக்கிறோம். ஆனால் பத்தியில் அப்படிச் சொல்லவில்லையே! நமக்குத் தெரிந்த உலக ஞானத்தை ஒதுக்கி வைத்து, எழுதியிருப்பதில் விரலை வைத்து விடை சொல்லப் பழக வேண்டும். முதலில் கேள்வியைப் படி. பிறகு பத்தியைப் படி. தெரியாத சொல் வந்தால் அங்கேயே நின்று தவிக்காதே. முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்கள் அதன் பொருளைப் பெரும்பாலும் காட்டிக் கொடுத்து விடும். பெரிய சொற்களை விடச் சின்னச் சொற்கள்தான் ஆளைக் கவிழ்ப்பவை: ‘நாட்’, ‘ஒன்லி’, ‘எக்ஸெப்ட்’, ‘அன்லெஸ்’, ‘ஆல்தோ’. ‘இட்’ என்றும் ‘தே’ என்றும் வந்தால் எதை, யாரை என்று திரும்பிப் பார்க்க வேண்டும்.

கண்ணை மூடிக் கொண்டு விடை குறிப்பவர்களுக்கு ஒரு கணக்கு. சரியான விடைக்கு 3 மார்க். தப்புக்கு 1 மார்க் பிடித்தம். நான்கு கேள்விகளுக்குக் குத்துமதிப்பாகக் குறித்தால், சராசரியாக ஒன்று சரி, மூன்று தப்பு. வந்தது மூன்று, போனதும் மூன்று! ஆனால் நிச்சயமாகத் தப்பான ஒரு விடையை ஒதுக்க முடிந்தால், மீதி மூன்றில் ஒன்றைத் துணிந்து குறிப்பதில் லாபம் உண்டு. 45 நிமிஷத்தில் 50 கேள்விகள். ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம்கூட இல்லை. பரீட்சைக்கு முந்தின வாரம் பஸ் ஸ்டாண்டில் கைடு வாங்கிப் புரட்டுவதால் அந்த வேகம் வராது. தினம் அரைமணி வாய் விட்டு வாசிக்க வேண்டும்.

எதை வாசிப்பது? சர்க்கார் பள்ளிப் பிள்ளைகள் வீட்டில் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை ஆங்கிலப் புத்தகங்கள் கிடக்கின்றன. ஆறாம் வகுப்புப் புத்தகத்தை இருபது வயதுப் பிள்ளை எடுக்க வெட்கப்படுவான்; வெட்கப்பட வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்ல வேண்டும். ஒருவன் வாசிக்க, இன்னொருவன் அதைத் தமிழில் சொல்ல, மூன்றாமவன் கேள்வி கேட்க – மூன்று பேர் சேர்ந்தால் கோச்சிங் சென்டர் வேண்டாம். தாய் தகப்பனுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டால் என்ன? ‘அந்தப் பத்தியில் என்னடா சொல்லியிருக்கிறது, தமிழில் சொல்லு’ என்று அம்மா தினம் கேட்டால் போதும். அதுவே நல்ல பயிற்சி. சொல்லத் தெரியாமல் விழித்தால் அவனுக்கே விளங்கவில்லை என்று அர்த்தம்.

சங்க ஆபீஸ்களில் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் விளக்கும் பெஞ்சும் சும்மா இருக்கின்றன. வாரத்தில் நான்கு நாள் அவற்றைப் பிள்ளைகளுக்கு விட்டுக் கொடுக்கலாம். பக்கத்து ஊர்ப் பள்ளி ஆசிரியரை ஒரு நாளைக்கு அழைத்தால் வர மாட்டேன் என்றா சொல்வார்? கிராமத்தில் கிளை நூலகம் இருக்கிறது. வீட்டு வரியோடு நூலக வரியும் நம்மிடம் வசூலாகிறது. ஆங்கிலத் தினசரி ஒன்றும், முந்தைய வருஷங்களின் கேள்வித்தாள் தொகுப்பும் வாங்கி வைக்கச் சொல்லி நூலகரிடம் எழுத்து மூலம் கேட்க வேண்டும். பத்துப் பேர் கையெழுத்துப் போட்டுக் கேட்க வேண்டும்.

கையெழுத்து வாங்கப் போகும்போது இன்னொரு தாளையும் கொண்டு போங்கள். ஆங்கில மார்க்கை ராங்க்கில் சேர்க்காதே என்ற தீர்மானத்தைச் சங்கக் கூட்டத்தில் நிறைவேற்றி, ஸ்டாஃப் செலக்‌ஷன் கமிஷனுக்கு ஒரு நகல், உங்கள் தொகுதி எம்.பி.க்கு ஒரு நகல் அனுப்புங்கள். 2014இல் மாணவர்கள் டெல்லியில் போராடிப் பெற்றதும் இதைத்தான்.