பெயர் தெரிந்த பிறகே மருந்து

பயிரில் புதுப் பூச்சியைக் கண்டதும் மருந்துக் கடைக்கு ஓடுவது வீண் செலவு. முதலில் அதன் பெயர் தெரிய வேண்டும்.

2008-ல் கோவைப் பகுதிப் பப்பாளியில் புதிய மாவுப்பூச்சி தோன்றியது. மல்பெரி, மரவள்ளிக்கும் பரவியது. வெள்ளை மெழுகுப் பூச்சு இருந்ததால் மருந்துக்கு எளிதில் மடியவில்லை. 1992-ல் பெயரிடப்பட்ட மெக்சிகோ நாட்டு இனம் அது என்று ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். இனம் தெரிந்ததும் அதன் எதிரியும் தெரிந்தது. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்து வயல்களில் விட்டனர், மாவுப்பூச்சி அடங்கியது. அவற்றுள் முக்கியமான குளவிக்கே 2003-ல்தான் பெயர் கிடைத்தது.

பூச்சி இன்னதென்று அறியாமல் அடிக்கும் மருந்து இத்தகைய குளவிகளையும் கொல்லும். சிங்கப்பெருமாள் கோயில் வட்டார விவசாயிகள், புதுப் பூச்சியை இலையோடு பையில் கட்டி, காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டிக் கேட்பது நல்லது. பூச்சியை இனம் காண வல்லவர்களை வட்டாரந்தோறும் அமர்த்துவது அரசின் கடமை.