அன்று அல்சூர், இன்று ஆனேக்கலா?



2025 ஆகஸ்ட் 10 அன்று மெட்ரோவின் மஞ்சள் பாதை பொம்மசந்திரா வரை திறக்கப்பட்டது. சுமார் 19 கிலோமீட்டர், 16 நிலையங்கள். வரவேற்கிறோம். தண்டவாளத்தை நம்பிப் பிழைக்கும் நாமா ரயிலைப் பழிப்போம்? ஆனால், ரயில் வருமுன்னே வாடகை ஏறி வந்துவிட்டது. "ஏற்றிக் கொடு, இல்லையேல் காலி செய்" என்ற சொல்லைக் கேட்டுவிட்டு நம் சங்கத்துக்கு ஓடி வரும் குடும்பங்கள் பெருகி வருகின்றன.

இது புதுக்கதையல்ல. 1809-ல் கண்டோன்மென்ட் அமைந்தபோது பட்டாளத்தின் பின்னே வந்த நம் முன்னோர் அல்சூரிலும் அதைச் சுற்றிலும் குடியேறினர். கல் சுமந்தனர், கட்டடம் எழுப்பினர், துணி வெளுத்தனர். 2011 அக்டோபர் 20 அன்று நகரின் முதல் மெட்ரோ ரயில் அல்சூர் வழியாகவே ஓடியது. ஓட்டு வீடுகள் இருந்த இடத்தில் மாடிகள் எழும்பின. சொந்த வீடு உள்ளவர் விற்றுப் பணத்தோடு போனார். வாடகைக்கு இருந்தவரோ வெறுங்கையோடு போனார்.

1884-ல் தொடங்கிய பின்னி மில் என்ன ஆயிற்று? நம்மவர் பல தலைமுறை உழைத்த அந்த நிலத்தில் இன்று அடுக்குமாடிகளும் மாலும் நிற்கின்றன. ஈஜிபுராவில் மாநகராட்சி ஏழைகளுக்குக் கட்டிய குடியிருப்பு என்ன ஆயிற்று? தனியாரோடு கூட்டுச் சேர்ந்து வணிக வளாகம் கட்டும் திட்டத்துக்காக 2013 ஜனவரியில் சுமார் 1,500 குடும்பங்கள் தெருவில் தள்ளப்பட்டன. தலித்துகளும் தமிழர்களும் அங்கே ஏராளம். பலர் சர்ஜாபுரம் பக்கம் சூலிகுண்டேக்குப் போனார்கள். வேலை ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம். கூலியில் பாதி பஸ்ஸுக்கு!

சாலை, ரயில், விளக்கு எல்லாம் பொதுப்பணத்தில் வருகின்றன. அதனால் நிலத்தின் விலை ஏறுகிறது. ஏறிய லாபம் யாருக்கு? நிலம் உள்ளவனுக்கு. அதற்கு உழைத்தவனுக்குக் கிடைப்பது காலி செய்யும் நோட்டீஸ்!

இதைக் கன்னடர், தமிழர் சண்டையாக்கப் பார்ப்பவர்களிடம் எச்சரிக்கை தேவை. ஆனேக்கல் டவுனில் வாடகைக் கூரையின் கீழ் பட்டுத்தறி ஓட்டும் கன்னட நெசவாளிக்கும் இதே கதிதான். வாடகை ஏறும்போது அது மொழி பார்ப்பதில்லை. நம்மவரிலும் நாலு அறை கட்டி வாடகைக்கு விட்டவர்கள் உண்டு. அவர்களையும் கேட்கிறோம்: நேற்று நீங்கள் பட்ட பாட்டை இன்று இன்னொருவர் தலையில் ஏற்றலாமா?

செய்ய வேண்டியது என்ன? வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள். அட்வான்ஸ் கொடுத்தால் ரசீது கேளுங்கள். மத்திய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாத அட்வான்ஸே போதும் என்கிறது. ஆனால் அது மாதிரிதான். மாநிலம் சட்டமாக்கினால்தான் நமக்குப் பயன். ஆகவே அதைக் கோருவோம். குடிசைப் பகுதிகளை 1973-ஆம் ஆண்டுச் சட்டப்படி அறிவிக்கவும், குடியிருப்போருக்கு ஹக்குபத்திரம் வழங்கவும் மனு கொடுப்போம். மெட்ரோ நிலையங்களை ஒட்டித் தொழிலாளர் வாடகைக் குடியிருப்பு கட்டச் சொல்வோம்.

தனியாகப் போய் வீட்டுக்காரரிடம் கெஞ்சினால் ஒரு மாதத் தவணை கிடைக்கும். தெருவே சேர்ந்து போனால் நியாயம் கிடைக்கும். அல்சூரில் நாம் ஒவ்வொருவராகக் கிளம்பினோம். கேட்க நாதியில்லாமல் போனது. ஆனேக்கலில் அந்தத் தவறைச் செய்யமாட்டோம். மூட்டை கட்டும் முன்னே சங்கத்துக்கு வாருங்கள்!