வேடந்தாங்கல் எல்லையில் கை வைக்காதே!

பறவைகளைப் பற்றித் தலையங்கமா என்று சில தோழர்கள் கேட்கக் கூடும். கூலி, பஞ்சப்படி, குத்தகை என்று எத்தனையோ பிரச்னைகள் இருக்க, கொக்கும் நாரையும் பொழுது போகாத கனவான்களின் கவலையல்லவா? நாமும் அப்படி நினைத்ததுண்டு. வேடந்தாங்கலின் கதையை அறிந்த பிறகு அந்த நினைப்பை மாற்றிக் கொண்டோம்.

செங்கற்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகத்தை அடுத்த சிற்றூர் அது. ஏரி சுமார் 74 ஏக்கர்தான். ஐப்பசி மழையில் ஏரி நிரம்பியதும் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம், வக்கா என்று ஆயிரக்கணக்கில் வந்து, தண்ணீருக்குள் நிற்கும் கடப்ப மரங்களில் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் ஏரியில் விழுகிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் கரைந்த அந்தத் தண்ணீர் மதகு வழியே நெல் வயலுக்குப் பாய்கிறது. உரக்கடையில் கடன் சொல்லாமல் கிடைக்கும் உரம்! நத்தைகுத்தி நாரையோ வயலிலேயே இறங்கி நத்தையைப் பொறுக்கித் தின்கிறது.

இதைக் கண்டுகொண்டவர்கள் ஏர் பிடித்த ஜனங்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வேட்டை விளையாட்டுக்காக இங்கே பறவைகளைச் சுட்டு வீழ்த்தினார்கள். ஊரார் சும்மா இருக்கவில்லை. கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். பறவைகளைக் காக்கும் தங்கள் உரிமைக்கு 1798ல் எழுத்து மூலமாகக் 'கவுல்' பெற்றார்கள். வரி பிடுங்க வந்த கும்பினி தானாக மனமிரங்கிக் கொடுத்ததல்ல அது. குடியானவர்கள் கேட்டு வாங்கியது. சர்க்கார் இந்த இடத்தைச் சரணாலயமாக அங்கீகரித்தது 1936ல்தான். ஊராரின் காவல் அதற்கும் முந்தியது. பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குக்கூட அவர்கள் வெடி வெடிப்பதில்லை.

ஏரியைச் சுற்றி 5 கிலோ மீட்டர் தூரம் வரை சரணாலய எல்லை என்று 1998ல் அறிவிக்கப்பட்டது. இத்தனை தூரம் எதற்கு? பறவை ஏரி மரத்தில் குஞ்சு பொரிக்கிறது. ஆனால் குஞ்சுக்கு இரை தேடிச் சுற்றிலுமுள்ள ஏரி, குட்டை, வாய்க்கால், வயல்களுக்குத்தான் பறந்து போகிறது. ஏரியை மட்டும் விட்டுவைத்துச் சுற்றுவட்டாரத்தைக் கெடுப்பது, குடிசையை விட்டுவிட்டு உலைப்பானையை உடைப்பதற்குச் சமம்.

அதைத்தான் 2020ல் செய்யப் பார்த்தார்கள். 5 கிலோ மீட்டரை 3 ஆகச் சுருக்கும் யோசனையை வனத்துறையே முன்வைத்தது. காக்க வேண்டிய இலாகாவே! எல்லைக்குள் அகப்பட்ட கிராம மக்களுக்கு இடைஞ்சல் என்று காரணம் சொல்லப்பட்டது. குறைக்கவிருந்த அந்த வட்டத்துக்குள் ஒரு மருந்து ஆலை விரிவாக்க அனுமதி கேட்டுக் காத்திருந்த சமயம் அது. கூரை மாற்றத் தவிக்கும் ஏழையின் பெயரைச் சொல்லி யாருக்கு வாசல் திறக்கப் பார்த்தார்கள்? பலத்த எதிர்ப்புக்குப் பின் அந்த யோசனை கைவிடப்பட்டது.

ஆலை வந்தால் வேலை வருமே என்று சொல்வார்கள். நாம் ஆலைகளுக்கு விரோதிகளல்ல. நமது வாசகர்களில் பாதிப்பேர் ஆலைத் தொழிலாளர்கள். ஆனால் கழிவு நீர் ஏரியில் கலந்தால் முதலில் கெடுவது யார்? நடவும் அறுப்பும் இன்றிப் போகும் விவசாயத் தொழிலாளி. முதலாளி கணக்கை முடித்துக் கொண்டு வேறிடம் போவார். கூலிக்காரர் குடும்பம் எங்கே போகும்?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பறவை எச்சத்தால் கூடுதலாக விளையும் நெல்லில் நிலமில்லாதவருக்கு எத்தனை படி கிடைக்கிறது? ஏரிக் காவலில் அவருக்கும் பங்கு உண்டென்றால் விளைச்சலிலும் பங்கு வேண்டும். பறவைகளுக்காகப் பேசும் நல்ல மனிதர்கள் பலர் இந்த இடத்தில் வாய் திறப்பதில்லை.

2022ல் வேடந்தாங்கல், ராம்சார் உடன்படிக்கையின்படி சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. சந்தோஷம். ஆனால் பலகை நட்டால் ஏரியில் தண்ணீர் நிற்காது. மழை பொய்த்து ஏரி வற்றினால் பறவையும் வராது.

ஆகவே நாம் கோருகிறோம்: 5 கிலோ மீட்டர் எல்லையில் ஒரு அடிகூடக் குறையக் கூடாது. அதற்குள் குடியிருக்கும் ஏழைகளுக்கு வீடு கட்டவும் பயிர் செய்யவும் அதிகாரிகள் தொல்லை தரக் கூடாது. வரத்து வாய்க்கால்களை உள்ளூர் விவசாயத் தொழிலாளரைக் கொண்டே, முழுக் கூலி கொடுத்து, மழைக்கு முன் தூர் வார வேண்டும். சுற்றுவட்டார ஆலைகளின் கழிவு நீரைச் சோதித்த விவரத்தைக் கிராம சபையில் தமிழில் படித்துக் காட்ட வேண்டும்.