பூட்டும் கடவுச்சொல்லும்

பூட்டிய அலமாரியை உடைத்துத் திறக்க 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் அதிகாரிகளுக்கு அதிகாரம் அளித்தது. மோடி அரசு நிறைவேற்றிய 2025ஆம் ஆண்டுச் சட்டத்தின் 247ஆவது பிரிவோ, சோதனையின்போது கடவுச்சொல்லை முறியடித்து மின்னஞ்சலுக்குள்ளும் சமூக ஊடகக் கணக்குக்குள்ளும் நுழையவும் வழிவகுக்கிறது. நீதிமன்ற ஆணை தேவையில்லை. உயர் அதிகாரி ‘நம்புவதற்குக் காரணம்’ இருந்தால் போதும். அக்காரணத்தைச் சோதனைக்குள்ளாவோரிடம் தெரிவிக்கவும் வேண்டியதில்லை.

அலமாரியில் இருப்பது கணக்கேடு. கைபேசியிலோ தொழிற்சங்கத் தோழர்களின் உரையாடலும், நோயாளியின் மருத்துவக் குறிப்பும், செய்தியாளருக்குத் தகவல் தந்தவரின் பெயரும் இருக்கின்றன. தனியுரிமை அடிப்படை உரிமையே என 2017இல் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர்.

வரி ஏய்க்கும் பெருமுதலாளிகளைப் பிடிக்கத்தான் வேண்டும். அதற்கு நீதிபதியின் முன்அனுமதியும், வழக்குக்குத் தொடர்பற்றவற்றைத் தொடக்கூடாது என்ற வரம்பும் தடையாகா. இவ்விரண்டையும் சட்டத்தில் சேர்க்குமாறு நாடாளுமன்றத்திலும் வீதியிலும் குரலெழுப்புவோம்.